முரட்டு மீனுக்கு முதலில் இடம் கொடுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், ஜாகுவார் போன்ற பெரிய சிக்லிட் மீன்களைப் பற்றி இந்த முறை நிறைய கடிதங்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஆறடித் தொட்டியில் ஒரு ஜோடி ஆஸ்கர் வளர்கிறது. அதனால் இந்த மீன்களைப் பற்றி எழுதுவது எனக்கும் சந்தோஷம்தான்.

*அக்கா, இரண்டு இன்ச் இருக்கும்போது இரண்டு ஆஸ்கர் வாங்கி, இரண்டடித் தொட்டியில் கோல்டு ஃபிஷ்ஷோடு விட்டோம். கோல்டு ஃபிஷ் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டது. இப்போது ஆஸ்கர் இரண்டும் சண்டை போட்டு, சின்னதன் வால் கிழிந்திருக்கிறது. எந்த மீனைத் திருப்பிக் கொடுப்பது?*
*– வாசகி, லாஸ்பேட்டை*

இரண்டு மீனும் இருக்கட்டும், தொட்டியை மாற்றுங்கள்.

கோல்டு ஃபிஷ் போனது ஆஸ்கரின் வயிற்றுக்குள்தான். வாய்க்குள் அடங்குகிற எதுவும் அதற்கு இரை. அது தின்றுதான் வளர்ந்தது, அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. சண்டைக்குக் காரணம் வேறு. சிக்லிட் இனத்தில் பெரும்பாலானவை ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைக் காவல் காக்கிறவை. அமேசான் ஆற்றில் அடி வாங்கிய மீன் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் துரத்துகிற மீன் திரும்பிவிடும், அதோடு சண்டை முடிந்தது. உங்கள் தொட்டியில் சின்னது எங்கே போகும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரியதன் எல்லைக்குள்தான் நிற்கிறது.

கடையில் இரண்டு இன்ச் குட்டியைப் பார்க்கிறவர்கள் அது பத்துப் பன்னிரண்டு இன்ச் வரும் என்று நினைப்பதில்லை. சின்ன வயதில் மாதத்துக்கு ஒரு இன்ச் அளவுக்குக்கூட வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேலேயும் இருக்கும். கணக்கைப் பாருங்கள். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் தண்ணீர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் வெறும் 56 லிட்டர். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறக்குறைய 250 லிட்டர். அது ஒரே ஒரு ஆஸ்கருக்கு. ஜோடி வேண்டுமென்றால் 6 × 2 × 2 அடித் தொட்டிதான் என் சிபாரிசு. அதில் 680 லிட்டர் வரும், தண்ணீர் மட்டுமே 680 கிலோ. மாடியில் குடியிருந்தால் கட்டடம் தெரிந்த ஒருவரைக் கேட்டு, பீம் போகிற சுவரோரமாகத்தான் ஸ்டாண்டு போட வேண்டும்.

பெரிய தொட்டி வருகிற வரைக்கும் சின்னதை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஏர் பம்ப் போட்டுத் தனியாக வையுங்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் வால் தானே வளர்ந்துவிடும். புதுத் தொட்டியில் இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். நடுவில் பெரிய கல்லோ மரக்கட்டையோ வைத்து ஒன்றின் கண்ணுக்கு மற்றது படாதபடி மறைவு செய்துவிடுங்கள். பழைய ஃபில்டர் ஸ்பான்ஜைத் தூக்கி எறியாமல் புது ஃபில்டரிலேயே போடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியிருப்பது அந்த அழுக்கு ஸ்பான்ஜில்தான். அதைக் குழாயடியில் பிடித்து அலசினால் குளோரின் பட்டுச் செத்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து எடுத்தால் போதும்.

ஃபில்டர் ஏன் இவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் ஆஸ்கருக்கு ஓட்டோடு ஒரு இறால் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிக்லிட்டுக்குத் தொண்டைக்குள் இன்னொரு தாடை உண்டு. முன்வாய் கவ்வி உள்ளே தள்ளும், அரைப்பது தொண்டைத் தாடை. அது அரைக்க அரைக்க, இறால் ஓட்டின் தூள் செவுள் இரண்டு பக்கமும் புகை மாதிரி வெளியே வரும். அத்தனையும் அந்தத் தண்ணீரிலேயே கிடந்து அழுகும். அதனால்தான் இந்த மீன்களுக்கு வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றச் சொல்கிறேன். என்ன ஃபில்டர் போட்டாலும் இந்த வேலையிலிருந்து விடுதலை கிடையாது.

*வாஸ்துவுக்காக ஃப்ளவர்ஹார்ன் வாங்கினோம். கடையில் நெற்றி மேடு பெரிதாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் சிறுத்துவிட்டது. கண்ணாடியில் மோதிக்கொண்டே இருக்கிறது. சுத்தம் செய்யக் கை வைத்தால் கடிக்கிறது. நோயா?*
*– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்*

நோய் இல்லை. இடம் மாறிய மிரட்சியில் மேடு சிறுப்பது சகஜம். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தால் ஓரளவு திரும்பி வரும். ஆனால் மேடு எவ்வளவு வரும் என்பது பெரும்பாலும் பரம்பரை. ஆணுக்குத்தான் பெரிதாக வரும். சில இடங்களில் ஹார்மோன் கொடுத்து வளர்த்தும் விற்கிறார்கள், அந்த மேடு நிற்காது. அதனால் தலையைப் பார்த்து விலை பேசாதீர்கள். கண் தெளிவாக இருக்கிறதா, இரை போட்டால் பாய்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியில் மோதுவது தன் பிம்பத்தோடுதான். அறை இருட்டாகவும் தொட்டி வெளிச்சமாகவும் இருந்தால் உள்ளே இருக்கும் மீனுக்குக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். பின்பக்கமும் இரண்டு ஓரமும் வெளிர் நிற சார்ட் பேப்பர் ஒட்டுங்கள், அறை விளக்கையும் போட்டு வையுங்கள். கை வைக்கும்முன் ஒரு அக்ரிலிக் தகட்டை நடுவில் இறக்கி மீனை அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டு வேலை செய்யுங்கள். இதை எந்த மீனோடும் சேர்த்து வைக்காதீர்கள். மலேசியாவிலும் தைவானிலும் 1990-களில் முரட்டு சிக்லிட்களைக் கலந்து மனிதர்கள் உருவாக்கிய மீன் இது. இயற்கையில் தானாகத் தோன்றிய இனம் கிடையாது. தனியாக நாலடித் தொட்டி போதும்.

வாஸ்து பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்த கண்டத்தை வாஸ்து மீன் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்று சொல்லி, ஒன்று போனதும் அடுத்ததை வாங்கி அதே தொட்டியில் விடுகிற வீடுகளைப் பார்க்கிறேன். மனசு தாங்கவில்லை. அந்த மீன்களில் முக்கால்வாசி அமோனியாவில் வெந்து செத்தவை. நம்பிக்கை உங்கள் விருப்பம். வாங்கிய உயிருக்குச் சுத்தமான தண்ணீர் கொடுப்பது உங்கள் கடமை.

*ஆஸ்கரின் முகத்தில், கண்ணுக்கு மேலே குண்டூசி குத்தினது போலக் குழி விழுகிறது. கடையில் மூன்று விதமான நீல மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை.*
*– வாசகர், வில்லியனூர்*

நீல மருந்தை நிறுத்துங்கள். இது தலைக்குழி நோய். குடலில் இருக்கும் ஒருவகை ஒட்டுண்ணி, கெட்ட தண்ணீர், சத்தில்லாத தீனி எல்லாம் சேர்ந்து வருவது என்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில் தண்ணீரைச் சரி செய்யாமல் குணமான மீன் ஒன்றுகூடக் கிடையாது.

டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே, முடிந்தால் 20-க்குள். மாற்றுவதற்குப் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள், சில ஊர் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும். பாதித் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஃபில்டரில் கரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே பெல்லட்டையே (கடையில் விற்கும் உருண்டைத் தீனி) போடாமல் மண்புழு, மட்டி சதை என்று மாற்றிக் கொடுங்கள். பழுதில்லாத பெல்லட் வேண்டும், திறந்து மாதக்கணக்கில் கிடந்ததில் வைட்டமின் இருக்காது. குழி ஆழமாகிக்கொண்டே போனாலோ, வெள்ளைச் சளி போல எச்சம் போட்டாலோ, கால்நடை மருத்துவரிடம் மெட்ரோனிடசோல் பற்றிக் கேளுங்கள். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் குழி மூடிவிடும், வடு மட்டும் கொஞ்சம் நிற்கும்.

தண்ணீருக்காக ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிடாதீர்கள். தனி ஆர்.ஓ. தண்ணீரில் உப்புச் சத்து கிட்டத்தட்ட இருக்காது, பிஎச் திடீரென்று சரியும். நம் பக்கத்துக் கடினத் தண்ணீர் ஜாகுவார், ரெட் டெவில் மாதிரி மத்திய அமெரிக்க மீன்களுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். ஆஸ்கரும் பழகிக்கொள்ளும்.

*கெடிலத்தில் பிடித்த பொடி மீனை உயிரோடு போடலாமா? மாட்டு ஈரல், கோழிக்கறி?*
*– வாசகர், கடலூர் முதுநகர்*

வேண்டாம். ஆற்று மீனோடு அதன் ஒட்டுண்ணியும் வரும். ஆடு, மாடு, கோழிக் கொழுப்பு இந்த மீன்களுக்குச் செரிக்காது. பெல்லட்தான் சோறு. துறைமுகத்தில் கிடைக்கும் புது இறாலை நன்றாக அலசி, ஃப்ரீசரில் வைத்து எடுத்து, வாரம் ஒரு தரம் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவதும் நல்லது.

*ஃபெஞ்சல் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் என் கிரீன் டெரர் சிக்லிட் செத்துவிட்டது. மறுபடி புயல் வந்தால் என்ன செய்வது?*
*– வாசகி, நெல்லிக்குப்பம்*

2024 நவம்பர் 30 ராத்திரி நாங்களும் டார்ச்சோடு தொட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. 2011-ல் ‘தானே’ புயல் வந்தபோது கடலூர்ப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. புயல் பாதையில் குடியிருந்துகொண்டு பெரிய மீன் வளர்க்கிறவர்கள் இதற்குத் தயாராகவே இருக்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததுமே தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த சிக்லிட் ஒரு வாரம் பட்டினி தாங்கும். அழுகுகிற தீனியைத்தான் தாங்காது. அன்றைக்கே பாதித் தண்ணீர் மாற்றி, டிரம்மில் இன்னொரு பங்கு பிடித்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனை அணைத்துவிட்டு ஏர் பம்ப்பை ஓட்டுங்கள், அது இழுப்பது நாலைந்து வாட்தான். ஒன்றுமே இல்லையென்றால் ஜக்கில் தண்ணீரை மொண்டு ஓரடி மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். வீட்டில் ஆள் மாற்றி ஆள் செய்யலாம்.

அப்புறம், பலர் கவனிக்காத விஷயம். கேனிஸ்டர் மாதிரி மூடிய ஃபில்டர் சில மணி நேரம் நின்றாலே உள்ளே பாக்டீரியா மூச்சு முட்டிச் சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டால் அந்த அழுகல் அத்தனையும் தொட்டிக்குள் கொட்டும். புயலைத் தாண்டிய மீன் கரண்ட் வந்த பிறகு சாவது இப்படித்தான். முதலில் ஃபில்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு குழாய்த் தண்ணீரில் குளோரின் கூடுதலாகப் போடுவார்கள். குளோரின் எடுக்கும் மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குள், சற்றுக் கூட்டிப் போடுங்கள்.

*ஜாகுவார் மீன் மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. பாகூர் ஏரியில் விட்டுவிடலாமா? அதுவாவது சுதந்திரமாக இருக்கட்டுமே.*
*– வாசகர், பாகூர்*

கூடவே கூடாது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த வேட்டை மீன் அது. நம் ஏரிக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அதை எதிர்க்கத் தெரியாது. நாம் சாப்பிடுகிற ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று எந்தக் குளத்தில் அது இல்லை? ஆஸ்கர் இதேபோல அமெரிக்காவின் ஃப்ளோரிடா கால்வாய்களில் பெருகிக் கிடக்கிறது. நமக்கென்று சொந்த சிக்லிட் இருக்கிறது: செத்தக்கெண்டை. பிச்சாவரத்துக் கழிமுகத் தண்ணீரில் ஜோடியாக நின்று குஞ்சு காக்கிற அருமையான மீன். அதற்கு இருக்கிற தொல்லை போதாதா?

ஜாகுவாரைத் தனித் தொட்டியில் வையுங்கள். முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்ளக் கேளுங்கள், பணம் தராவிட்டாலும் பரவாயில்லை.

*எங்கள் ஆஸ்கர் ஜோடி கல்லில் நிறைய முட்டை போட்டது. மூன்றாம் நாள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஏன்?*
*– வாசகி, நெட்டப்பாக்கம்*

இரண்டுமே பெண்ணாக இருக்கலாம். ஆஸ்கரில் ஆண், பெண் வெளியே பார்த்துத் தெரியாது. இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து கல்லைச் சுத்தம் செய்து முட்டை போடுவதும் உண்டு. அடுத்த முறை போடும்போது அடிவயிற்றில் வெளியே நீட்டும் குழாயைப் பாருங்கள். பெண்ணுக்கு அகலமாக, முனை மழுங்கி இருக்கும். ஆணுக்கு ஒல்லியாகக் கூராக இருக்கும். ஆணும் பெண்ணும்தான் என்றால், முதல் சில முறை வீணாவது வழக்கம், பொறுத்திருங்கள். முட்டையோடு இருக்கும்போது இரண்டும் கையைப் பலமாகக் கடிக்கும், அந்த நாட்களில் குழாய் வைத்து மேலாகத் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். பொரித்தால் ஆயிரக்கணக்கில் குஞ்சு வரும். அதை எங்கே வளர்ப்பது, யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே பேசி வைத்துக்கொண்டு எழுதுங்கள், குஞ்சுகளுக்கு இரையாகும் ஆர்டீமியா என்ற பொடி உப்புநீர் உயிரியைப் பொரிக்கும் முறையை அடுத்த இதழில் சொல்கிறேன்.