பிளஸ் ஒன் முன்பணம் கட்டும் முன்

பத்தாம் வகுப்பில் 500-க்கு 400-ஐ ஒட்டி எடுத்த பிள்ளையை, கடன் வாங்கியாவது 'நல்ல ரிசல்ட்' காட்டும் தனியார் பள்ளியில் சேர்க்கத் துடிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம்.

ஒரே ஊரில் நான்கைந்து பள்ளிகள் போட்டி போடும்போது, நன்றாகப் பாடம் நடத்துவதைவிட நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பிடிப்பது சுலபம். 480 எடுத்தவருக்குப் பாதிக் கட்டணம், 490 எடுத்தவருக்கு விடுதியோடு இலவசம் என்பார்கள். அந்தச் சலுகைக்கான பணம் முழுக் கட்டணம் கட்டும் உங்களிடமிருந்துதான் வருகிறது. அனுபவமுள்ள ஆசிரியர்களோ அந்தச் சலுகைப் பிள்ளைகளுக்கான ஸ்பெஷல் செக்‌ஷனுக்குப் போய்விடுகிறார்கள். வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸில் சிரிக்கும் முகங்கள், வரும்போதே முதல் மதிப்பெண்ணோடு வந்தவை.

'நூறு சதவீதத் தேர்ச்சி'யையும் அப்படியே நம்ப வேண்டாம். பின்தங்கும் பிள்ளைக்கு டி.சி. கொடுத்தோ, தனித்தேர்வராக எழுதச் சொல்லியோ அந்த எண்ணை எட்டும் பள்ளிகள் உண்டு. அதனால் இரண்டு கணக்கு கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் பிளஸ் ஒன்னில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளி மாணவராகவே பிளஸ் டூ எழுதினார்கள்? 180 பேர் சேர்ந்து 155 பேர் எழுதியிருந்தால், மீதி 25 பேர் எங்கே என்று கேட்டே தீர வேண்டும். அடுத்து, 375 முதல் 425 வரை எடுத்துச் சேர்ந்தவர்கள் பிளஸ் டூவில் 600-க்கு எவ்வளவு எடுத்தார்கள்? 500-க்கு 400 என்பது 80 சதவீதம்; 600-க்கு அதே 80 சதவீதம் 480. பிளஸ் டூ பாடம் கடினம் என்பதால், அவர்களில் பாதிப் பேர் 480-ஐத் தொட்டிருந்தாலே அங்கே உழைப்பு நடந்திருக்கிறது. பதில் சொல்லத் தயங்கும் பள்ளியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

'சென்டம்' எண்ணிக்கையிலும் எந்தப் பாடம் என்று பாருங்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணினி அறிவியலில் எத்தனை சென்டம் வந்தாலும் இந்த 200 நகராது.

இப்போது கூடுதலாக ஒரு கவலை. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. பழைய பழக்கம் திரும்பினால் அடி விழுவது நீட், ஜே.இ.இ.யில், அவை இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. சேர்த்த பிறகு, ஜூலை கடைசியில் பிள்ளையின் இயற்பியல் நோட்டைப் புரட்டுங்கள். பிளஸ் ஒன் பாடமான இயக்கவியலுக்குப் பதில் பிளஸ் டூ பாடமான நிலைமின்னியல் ஓடிக்கொண்டிருந்தால் மறுநாளே பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள்.

கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 'கோச்சிங்' என்ற பெயரில் வேறு ரசீது நீட்டினால், அது கட்டாயமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவந்தால் இன்னும் நிதானமாக முடிவெடுங்கள். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குப் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கடைசி இரண்டு ஆண்டுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை கைவிட்டுப் போகும்.