அந்தப் பதிவேடு யார் கையெழுத்தில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் என் தாய்மாமா நடத்தும் குரோம் பிளேட்டிங் (உலோகச் சாமான்களுக்குக் குரோம் முலாம் பூசும்) பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இறந்த பிறகு எங்களை வளர்த்ததும் என்னை டிப்ளமோ படிக்க வைத்ததும் அவர்தான். பட்டறையில் 11 பேர் வேலை செய்கிறார்கள்; அவர்களில் ஏழு பேர் பீகார்காரர்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பழைய ஆட்கள் நான்கு பேருக்கு மட்டும்தான். குரோம் தொட்டியின் எக்ஸாஸ்ட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு) பழுதாகி எட்டு மாதமாகிறது. கையுறை கிழிந்தால் புதிது கிடைப்பதில்லை. தொட்டியில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வருகிறது. வெயில் சூடு என்கிறார் மாமா. மாதக் கடைசியில் பாதுகாப்புப் பதிவேடுகளை எழுதி முடிக்க இரவு பத்து மணியாகிவிடுகிறது, அதற்கு அம்மா வேறு சத்தம் போடுகிறார். மாமா மீது புகார் கொடுத்தால் செஞ்சோற்றுக் கடன் மறந்தவன் ஆகிவிடுவேன். அம்மாவின் மனம் நோகாமல் இந்த வேலையை விட்டு விலக ஒரு வழி சொல்லுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: சாயப் பட்டறையிலிருந்தும் பாலீஷ் பட்டறையிலிருந்தும் இதே போன்ற கடிதங்கள் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்களை ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்களாகவே எழுதுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அம்மா சத்தம் போடுவதைச் சொல்ல வந்த இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். இரவு பத்து மணி வரை உட்கார்ந்து அந்தப் பதிவேடுகளில் என்ன எழுதுகிறீர்கள்?

உள்ளது உள்ளபடி எழுதியிருந்தால் அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கையுறை வழங்கப்படவில்லை, எக்ஸாஸ்ட் ஓடவில்லை என்று எழுத எவ்வளவு நேரமாகும்? முப்பது நாளுக்கும் தேதி போட்டு, 11 பேருக்கும் கையுறையும் ஏப்ரனும் கொடுத்ததாக, கைகளையும் மூக்கையும் பார்த்ததாக, புண் எதுவும் இல்லையென்று ஒரே பேனாவில் ஒரே இருப்பில் எழுதினால்தான் இரவு பத்து மணியாகும். தமிழ் படிக்கத் தெரியாத ஏழு பேரிடம் அதே பக்கத்தில் எப்படிக் கையெழுத்து வாங்குகிறீர்கள் என்பதையும் உங்கள் கடிதம் சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் நின்றுபோன எட்டு மாதமும் அது ஓடிக்கொண்டிருந்ததாக ஆய்வுக்கு வருபவரிடம் சாட்சி சொல்வது உங்கள் கையெழுத்துதான். தவறு செய்வது மாமா, தவிப்பது நான் என்று கடிதம் முழுக்கப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிரிவினை எனக்கு ஒப்புதலில்லை.

அந்தப் பையனின் மூக்குக்கு வருகிறேன். குரோம் தொட்டிக்குள் செலுத்தும் மின்சாரத்தில் சிறு பங்குதான் முலாமாகப் படிகிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரைப் பிரித்து வாயுக் குமிழிகளாக்குகிறது. அந்தக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது குரோமிக் அமிலம் பொடித் துளிகளாகக் காற்றில் ஏறுகிறது. தொட்டிக்கு மேல் குனிந்து சாமானை மாட்டுபவரின் மூக்குக்குள் அது நேராகப் போகிறது. முதலில் மூக்கினுள் பொருக்குத் தட்டும், பிறகு இரத்தம் வரும், அதன் பிறகு இரண்டு நாசிகளுக்கும் நடுவேயுள்ள தடுப்பில் ஓட்டையே விழுந்துவிடும். பெரும்பாலும் வலி இருக்காது என்பதால் ஓட்டை விழுந்தது பலருக்குத் தெரிவதுமில்லை. கிழிந்த கையுறைக்குள்ளே நகக்கண்ணிலும் விரல் மூட்டிலும் ஆறாத குழிப்புண் வரும். குரோம் புண் வந்தால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே வைத்திருந்தது. குரோமிக் அமிலத்தில் உள்ள இந்த வகைக் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் உறுதி செய்தது. இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருக்கும் உங்கள் மாமாவுக்கு வெயில் சூட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

செஞ்சோற்றுக் கடன் என்கிறீர்கள். பெற்ற தகப்பன் இல்லாத வீட்டைத் தாங்கியவருக்கு நீங்கள் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவர்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்தக் கடனை உங்கள் கையிலிருந்து அடைக்க வேண்டும். பீகாரில் ஒரு தாய் பெற்ற பிள்ளையின் மூக்கிலிருந்து எடுத்து அடைப்பதற்கு உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? வளர்த்தவருக்குப் பிள்ளை செய்யும் முதல் கடமை, அவர் முகத்துக்கு நேராக, 'மாமா, இது தப்பு' என்று சொல்வது. அதை ஒருமுறையாவது சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

தனியாகப் போகாதீர்கள், அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் மனம் நோகுமென்று அவரை இதிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் மாமாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் உரிமை இந்தக் குடும்பத்தில் உடன்பிறந்தவரான அவருக்குத்தான் இருக்கிறது. போவதற்கு முன் அந்தப் பையனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குரோம் தொட்டியில் வேலை செய்கிறான் என்பதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள், அவனுக்குச் சொல்லத் தெரியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள பட்டறையில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. இருந்தாக வேண்டும், குரோமியத்தால் வரும் நோய் அதில் தொழில்வழி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது மாதம் 488 ரூபாய். கணக்கு எழுதுபவர் நீங்கள்; இந்தத் தொகையை மிச்சம் பிடித்துத்தான் பட்டறை பிழைக்கிறதா என்று மாமாவிடம் கணக்கோடு கேளுங்கள்.

எக்ஸாஸ்ட் என்று சொல்லி எதிர்ச் சுவரில் ஒரு காற்றாடியை மாட்டிவிட்டுப் போக விடாதீர்கள். அது ஆவியைத் தொழிலாளியின் முகத்தைத் தாண்டித்தான் இழுக்கும். தொட்டியின் விளிம்பிலேயே உறிஞ்சும் அமைப்பு வேண்டும். ஆவி கிளம்பாமல் தடுக்க தொட்டியில் கலக்கும் மருந்தும் இருக்கிறது. கெமிக்கல் கொடுப்பவரைக் கேட்டால் சொல்வார்.

ஒரு மாதத் தவணை கொடுங்கள். சரிசெய்யவில்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்பது சட்டம். ஆனால் 11 பேர் உள்ள பட்டறையில் தமிழில் மனு எழுதக்கூடிய கணக்குப்பிள்ளை நீங்கள் ஒருவர்தான் என்பது மாமாவுக்குத் தெரியும். அதனால் ஒளிந்துகொள்ள நினைக்காமல், கொடுக்கப் போகிறேன் என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். இன்று விட்டால் நாளை வேறொருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பொய்யை எழுதுவார், எட்டு மாதப் பக்கங்கள் உங்கள் கையெழுத்திலேயே கிடக்கும். அவற்றைக் கிழிக்கவோ திருத்தவோ கூடாது. அதிகாரி கேட்டால் எப்படி எழுதினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இந்த மாதக் கடைசியில் பதிவேட்டைத் திறக்கும்போது கொடுத்த கையுறையை மட்டும் எழுதுங்கள். கொடுக்கவில்லையென்றால் கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போங்கள்.