கால் வலி என்று ஏன் புத்தகத்தில் போடவில்லை?

கேள்வி: கல்வி, மருத்துவம், அறிவியல், சமூகம் ஆகியவற்றில் வெளியே தெரியாமலே இருக்கும் விஷயம் என்று எதைச் சொல்வீர்கள்?

நீலகிரி மாவட்டத்தில், கூடலூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் கேட்ட நான்கு இடத்திலும் ஒரே சமயத்தில் மறைந்து கிடந்த ஒரு நோய். பாடப் புத்தகத்தில் கதிர் அரிவாள் இரத்தசோகை என்று வரும். இங்கே எல்லோரும் சொல்வது சிக்கிள் செல்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். ஆதிவாசிப் பிள்ளை. பெயர் வேண்டாம். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் மழை விடாது பெய்யும். அந்த இரண்டு மாதமும் அவள் வருகை பாதிக்குப் பாதிதான் இருக்கும். வந்தாலும் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு, முட்டியை மடக்கி உட்கார்ந்திருப்பாள். ஒரு பீரியடுக்குள் இரண்டு முறை எழுந்து நின்று, "டீச்சர், பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?" என்பாள். மூன்றாவது முறை நான் விட மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் அவள் பேச்சு வந்தால், "அவங்க அப்படித்தான் மேடம், மழை வந்தா வர மாட்டாங்க" என்பார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் பாடம் வந்தது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டியது வேலைனாக மாறுகிறது, அதனால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைகிறது என்று பலகையில் படம் போட்டு நடத்தினேன். ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படுவது என்றும் சொன்னேன். மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஆஸ்பத்திரி நோட்டு ஒன்றை எடுத்தாள். ஓரமெல்லாம் ஈரம் பட்டுச் சுருண்டிருந்தது. முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது, நான் அப்போதுதான் அழித்த பலகையில் இருந்த அதே பெயர்.

"டீச்சர், இது எனக்கு இருக்கு. ஆனா கால் வலிக்கும்னு ஏன் புத்தகத்துல போடல?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பாடத்தில் ஒரு அமினோ அமிலத்தின் இடம்கூடத் துல்லியமாக இருக்கிறது. அந்த அணுக்கள் வளைந்து, விறைத்து, மெல்லிய ரத்தக் குழாயை அடைத்தால் எலும்புக்குள் என்ன வலி வரும் என்று ஒரு வரி இல்லை. குளிர் பட்டால், தண்ணீர் குடிக்காமல் இருந்தால், காய்ச்சல் வந்தால் அந்த வலி கிளம்பும். எங்கள் ஊர் மழையும் குளிரும் அவளுக்கு என்ன செய்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். பாத்ரூம் விஷயமும் அப்படித்தான். இந்த நோயில் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாது. அடிக்கடி போகத்தான் வேண்டும், அதற்கு ஈடாக நிறையக் குடிக்கவும் வேண்டும். வெளியே விடாமல் நான் தடுத்தது இரண்டையும்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அவள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள்ளேயே கையும் காலும் புசுபுசுவென்று வீங்கியிருக்கிறது. அதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. தூக்கிக்கொண்டு போன இடத்தில் வாதக் காய்ச்சல் என்று சொல்லி, நான்கு வருடம் அதற்கே ஊசி போட்டிருக்கிறார்கள். ரத்தம் கம்மி என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும், இவர்களுடையது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். ரத்தம் குறைவதற்கு அதுதான் காரணம். உண்மையில் இரும்பு குறைவா என்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கண் மஞ்சளானதைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான், "சிக்கிள் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. இந்த நோயை 1910-ல் சிகாகோவில் ஹெரிக் என்ற மருத்துவர் முதன்முதலில் எழுதினார். அவருடைய நோயாளி கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவர். இந்தியாவில் முதலில் பதிவானது எங்கே தெரியுமா? 1952-ல், இதே நீலகிரியில். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த மலையின் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்து எழுதினார்கள். அதே வருடம் வேறு ஆராய்ச்சியாளர்கள் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டார்கள். மலைவாசிகளின் ரத்தம் ஆராய்ச்சிக் கட்டுரை ஆகிவிட்டது, மலையடிவாரப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. விலங்கியல் முதுகலை முடித்து வந்த நான் ஆப்பிரிக்காவைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நாடு தழுவிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1-ல்தான். 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது திட்டம், இலக்கு 2047. நல்ல வேலை, மனதார வரவேற்கிறேன். ஆனால் 1952-லிருந்து எண்ணிப் பாருங்கள், 71 வருடம்.

சமூகத்தில் இது மறைவது வேறு விதம். அந்த அம்மா பேசும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சா என்ன பண்றது டீச்சர்?" வீட்டில் மாமியார் இந்த நோய்க்கு மருமகளைத்தான் குறை சொல்லியிருக்கிறார், "உன் பக்கத்து ரத்தம்" என்று. நான் உட்கார்ந்து நான்கு கட்டம் போட்டுக் காட்டினேன். மாறிய மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருப்பவர் கடத்தி, பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமாகவே இருப்பார். கடத்திகள் இருவர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமியார் நீண்ட நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் எனக்குக் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள், ஆனால் மருமகளுக்கும் ஒரு கிளாஸ் கொண்டுவந்தார்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான், வகுப்பில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று. சொல்லவில்லை. யாருக்கு இருக்கிறது என்பது மறைவாக இருக்கட்டும், அது அவரவர் உரிமை. நோய் இருக்கிறது என்பது ஊருக்கே தெரிய வேண்டும். இந்த இரண்டையும் நாம் தலைகீழாகச் செய்கிறோம். பெயரைச் சொல்லிக் கிசுகிசு பேசுகிறோம், நோயைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

ஆதிவாசிகளுக்கு மட்டும் வருவது என்று நினைப்பதும் தப்பு, மற்றவர்களிடமும் உண்டு. என் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம். நானும் டெஸ்ட் எடுத்தேன். எனக்கு இல்லை, ஆனால் எடுத்துப் பார்க்கும்வரை எனக்கும் தெரியாது என்பதுதான் விஷயம்.

ஆசிரியர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் சிக்கிள் செல் நோயும் ஒன்று. இது எங்கள் பள்ளியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான். மழையில் மட்டும் லீவு போடுகிற பிள்ளை, கண் மஞ்சளாக இருக்கிற பிள்ளை, கை கால் வலி என்று அடிக்கடி சொல்கிற பிள்ளை இருந்தால் வீட்டில் பேசி டெஸ்ட்டுக்கு அனுப்புங்கள். தண்ணீர் பாட்டிலும் பாத்ரூமும் எப்போது கேட்டாலும் கொடுங்கள். குளிரில் ஓட விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே தள்ளாதீர்கள், இவர்களுக்குக் கிருமித் தொற்று சீக்கிரம் முற்றிவிடும்.

ஹைட்ராக்சியூரியா என்று ஒரு மாத்திரை இருக்கிறது. கருவில் இருக்கும்போது உடலில் இருந்த வகை ஹீமோகுளோபினைக் கூட்டி வலி வருவதைக் குறைக்கும். அதைப் புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள் என்பதால், "கேன்சர் மாத்திரையாம்" என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். இடையில் ரத்தப் பரிசோதனைக்குப் போவதையும் விட வேண்டாம்.

இப்போது அந்தப் பாடத்துக்கு வரும்போது பலகையில் அரிவாள் படத்துக்குப் பக்கத்தில் "வலி" என்று பெரிதாக எழுதுகிறேன். நீலகிரி, 1952 என்றும் எழுதுகிறேன். பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகளுக்குத் தெரியும், இருந்தாலும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் காலைக் கூட்டத்தை மைதானத்தில் வைக்காமல் வராந்தாவில் வைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். இன்னும் மாற்றவில்லை. வரும் ஜூனில் மறுபடி கேட்பேன்.