கொதிக்க வைத்துப் பார்த்தீர்களா?

வணக்கம்.

நான் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். வேலை முழுக்க மேக்ரோஃபேஜ்கள் என்ற, கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களோடுதான். ப்ரூஸ் பாய்ட்லர் ஒரே ஒரு மரபணுவைத் தேடி ஐந்து ஆண்டுகள் செலவிட்டதைப் படித்தேன். அது துணிச்சலா, அதிர்ஷ்டமா? எங்கள் ஆய்வகத்தில் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதம், மேக்ரோஃபேஜ்களிடமிருந்து டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை ஏராளமாகச் சுரக்க வைக்கிறது. டிஎல்ஆர்4 என்ற ஏற்பி பழுதான சி3எச்/எச்ஈஜே வகை எலியின் செல்களில் மட்டும் சுரப்பதில்லை. ஆகவே இதன் ஏற்பி டிஎல்ஆர்4 என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். இத்துறையில் எனக்கு எதிர்காலம் உண்டா? பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வை (போஸ்ட்டாக்) வெளிநாட்டில் செய்யலாமா?

க.

அன்புள்ள க.,

எதிர்காலம், வெளிநாடு எல்லாம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிச் சென்ற இரண்டு வரிகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. இந்த விஷயத்தைப் பற்றிச் சில நாட்களாகவே எழுத நினைத்திருந்தேன்.

பாய்ட்லரை வியந்தீர்கள், சரி. அவர் என்ன தேடினார் என்று பார்த்தீர்களா? 1985இலேயே டிஎன்எஃப்-ஐப் பிரித்தெடுத்தவர்களில் அவர் ஒருவர். பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள எல்பிஎஸ் என்ற நச்சுப்பொருள் பட்டதும் மேக்ரோஃபேஜ் அதைச் சுரக்கிறது என்பது தெரியும், எதைக் கொண்டு எல்பிஎஸ்ஸை உணர்கிறது என்பது தெரியாது. சி3எச்/எச்ஈஜே எலிகள் எல்பிஎஸ்ஸுக்கு அசைவதில்லை என்று 1960களிலேயே கண்டிருந்தார்கள். அந்தப் பழுது எந்த மரபணுவில் என்று 1993இல் டல்லாஸில் தேடத் தொடங்கி 1998இல் பிடித்தார். டிஎல்ஆர்4இன் 712ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், இந்த எலியில் ஹிஸ்டிடின் இருக்கிறது. அவ்வளவுதான். 2011இல் நோபல் பரிசில் பங்கு. துணிச்சலா அதிர்ஷ்டமா என்பதெல்லாம் டீக்கடைக் கேள்வி, விடுங்கள்.

இப்போது உங்கள் சோதனைக்கு வருவோம். அந்த எலி எல்பிஎஸ்ஸை உணராத எலி. ஈ.கோலையின் வெளிச்சவ்வு முழுக்க எல்பிஎஸ். அதிலிருந்து எடுத்த புரதத்தோடு அது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் உங்களுக்கு என்ன முடிவு கிடைக்கும்? சாதாரண எலியில் டிஎன்எஃப் வரும், இந்த எலியில் வராது. நீங்கள் கண்டதும் அதுவேதானே! உங்கள் ஊகத்தையும் அழுக்கையும் பிரித்துக் காட்ட முடியாத சோதனையை ஆதாரம் என்று எழுதுகிறீர்கள். உங்கள் வழிகாட்டியாவது கேட்டிருக்க வேண்டாமா? எச்எஸ்பி60, எச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் டிஎல்ஆர்4ஐத் தூண்டுகின்றன என்று இதே வாதத்தோடு கட்டுரைகள் வந்தன. 2003 வாக்கில், எல்பிஎஸ் நீக்கிய எச்எஸ்பி70 டிஎன்எஃப்-ஐத் தூண்டவில்லை என்று காட்டினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைக்ரோகிராம் புரதத்தில் ஒரு நானோகிராம் எல்பிஎஸ் என்றால், சுத்தமான புரதம் என்றுதான் தோன்றும். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் புரதம் போட்டால் 10 நானோகிராம் எல்பிஎஸ்ஸும் சேர்ந்தே போகிறது. மேக்ரோஃபேஜுக்கு ஒரு நானோகிராமுக்குக் குறைவானதே போதும்.

ஃபில்டர் செய்தோம், ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் சூடாக்கினோம் என்பீர்கள். 0.22 மைக்ரான் ஃபில்டரில் பாக்டீரியா நிற்கும், எல்பிஎஸ் நிற்காது. ஆட்டோகிளேவ் சூடும் அதற்குப் போதாது; கண்ணாடிச் சாமான்களை உலர் சூட்டில் 250 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும்.

முதலில் புரதத்தைக் கொதிக்க வையுங்கள். புரதம் சிதையும், எல்பிஎஸ் பெரும்பாலும் தாங்கும். கொதித்த பிறகும் அதே அளவு டிஎன்எஃப் வந்தால் விஷயம் முடிந்தது. எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: எல்பிஎஸ் அதிகமாக இருந்தாலோ புரதத்தோடு இறுகியிருந்தாலோ அது தோற்கும். பாக்டீரிய லிப்போபுரதத்தை பாலிமிக்சின் தொடுவதே இல்லை, லிப்போபுரதத்தின் தூண்டல் டிஎல்ஆர்2 என்ற வேறொரு ஏற்பி வழியாக வரும். எல்பிஎஸ்ஸை அளக்கும் லிமுலஸ் சோதனை செய்யும்போது தெரிந்த அளவு எல்பிஎஸ்ஸை உங்கள் புரதத்தோடு கலந்து, அது முழுதாகத் திரும்பக் காட்டுகிறதா என்று பாருங்கள். புரதம் அதை மறைத்தால் பூஜ்யம் என்ற பொய் விடை வரும்.

எல்பிஎஸ்ஸை நீக்க டிரைட்டன் எக்ஸ்-114 என்ற டிடர்ஜென்ட் போதும். ஐஸில் கலந்து, 37 டிகிரிக்கு ஏற்றி, சுழற்றினால் டிடர்ஜென்ட் அடியில் பிரியும், எல்பிஎஸ்ஸில் பெரும்பகுதி அதோடு போகும். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புரதம் இழப்பீர்கள், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் மிச்ச டிடர்ஜென்ட்டையும் எடுத்துவிடுங்கள், அது செல்லைக் கொல்லும். செத்த செல்லில் டிஎன்எஃப் வராததைப் பார்த்துவிட்டு, ‘சுத்தமாகிவிட்டது’ என்று கொண்டாடக் கூடாது.

இன்னொன்று. எலும்பு மஜ்ஜையிலிருந்து மேக்ரோஃபேஜ் வளர்க்க எல்929 செல்கள் வளர்ந்த ஊடகம் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்த எல்929இல் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இருக்கிறதா என்று பிசிஆரில் பார்த்துவிடுங்கள். இருந்தால், நீங்கள் எதையும் சேர்க்கும் முன்பே உங்கள் மேக்ரோஃபேஜ்கள் தூண்டப்பட்டிருக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிவில் குளறுபடி இருக்குமோ என்ற கவலையை இரண்டாம் ஆண்டிலேயே சந்திப்பது நல்லதுதான், தீஸிஸ் அச்சான பிறகு சந்திப்பவர்களும் உண்டு. கட்டுரையை இப்போது அனுப்ப வேண்டாம். கொதித்த புரதத்துக்கு டிஎன்எஃப் அளக்கும் எலைசா சோதனையின் முடிவு வந்ததும் எழுதுங்கள். போஸ்ட்டாக் பற்றி அப்போது பேசலாம்.