மாங்காய்க்கு 'ரேடியேஷன்' அடித்தால் இரண்டு மாதம் தாங்குமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் அல்போன்சா. காய்க்கு ரேடியேஷன் அடித்தால் இரண்டு மாதம் கெடாது, விலை ஏறும்போது விற்கலாம் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். மெஷின் வண்டியிலேயே தோப்புக்கு வருமாம். டன்னுக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? சாப்பிடுகிறவர்களுக்குக் கெடுதல் வருமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள்.

கெடுதல் கிடையாது. வெயிலில் காயப்போட்ட மிளகாய் ராத்திரியில் வெளிச்சம் விடுமா? அதுபோலத்தான். கதிர் பழத்துக்குள் பாய்ந்து வெளியேறிவிடும், எதுவும் தங்காது.

ஆனால் அந்தக் கதிர் வண்டியில் வராது. கதிர் விடும் கோபால்ட்-60 உலோகம் எஃகுக் குழல்களுக்குள், ஆழமான தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் கான்கிரீட் சுவர். அணுசக்தித் துறை உரிமம் இல்லாமல் அங்கே ஒரு பெட்டி உள்ளே போக முடியாது. வண்டியில் வருவது என்ன தெரியுமா? நீல டியூப்லைட் எரியும் தகரப் பெட்டி. ஒரு தோப்பில் நானே பார்த்தேன். காயை நீல வெளிச்சத்தில் காட்டிவிட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்திய காகிதம் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலு நாளில் காம்புப் பக்கம் கறுத்துவிட்டது.

நிஜமான ஆலைக்கே கொண்டுபோனாலும் இரண்டு மாதம் என்பது கதை. முற்றிய, கெட்டியான காயாக இருந்தால் பழுப்பது சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அடிபட்ட காயையும் பழுக்கத் தொடங்கிய காயையும் எந்தக் கதிரும் காப்பாற்றாது. நம் மாம்பழம் 2007 முதல் அமெரிக்காவுக்குக் கதிர் பட்டுப் போகிறது. குறைந்தது 400 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). அந்த அளவு பூச்சிக்காக வைத்தது, ஆயுளை நீட்டுவதற்காக அல்ல.

பூச்சி என்றால் முக்கியமாகக் கொட்டை வண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், உங்கள் பக்கத்தில் இது நிறைய. பிஞ்சு கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே முட்டை வைத்துவிடும். புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போகும், துளை மூடிவிடும். வெளியே பார்த்தால் பழம் பளபளவென்று இருக்கும். கதிர் பட்டதும் அது செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். மலடாகும், அவ்வளவே. பழத்தை வெட்டினால் உயிரோடு நகர்ந்தாலும் நகரும். வாங்கியவர் அலறினால் புரோக்கர் போனை எடுக்கமாட்டார். அதனால் வேலை தோப்பில்தான். விழுந்த பிஞ்சையும் பழத்தையும் கொட்டையோடு பொறுக்கி அழியுங்கள். அறுவடை முடிந்தபின் வண்டு பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும், அங்கேயும் பாருங்கள்.

பெங்களூரா கூழுக்குப் போகும் காய். அதற்குக் கதிர் தேவையே இல்லை. அல்போன்சாவைக் காம்போடு பறித்து, பால் வடியவிட்டு, 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் முக்கி, ஆறவைத்து 13 டிகிரியில் வையுங்கள். அதற்குக் கீழே குளிர் போனால் தோல் கறுக்கும்.

'அந்தக் குளிர் அறை எங்கே இருக்கிறது?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடத்தி, தோரணம் கட்டி, கோப்பை கொடுக்கிறோம். மகாராஷ்டிராவில் வெங்காய ஊரான லாசல்கானில் 2002-லேயே கதிர் ஆலை வந்துவிட்டது. நம் விவசாயி சீசனில் டிராக்டரோடு கூழ் ஆலை வாசலில் நிற்கிறான். ஃபைல் எந்த மேசையில் இருக்கிறதோ! அந்த இடைவெளியில்தான் புரோக்கர் புகுந்து சம்பாதிக்கிறார்.

ஏற்கனவே பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ஆலையின் பெயர், முகவரி, உரிம எண் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நிஜமாகவே கதிர் பட்ட பெட்டியில் பச்சை நிற வட்டக் குறியும், பதப்படுத்திய தேதியும் கட்டாயம் இருக்கும். 'நாளைக்குத் தருகிறேன்' என்றால், அன்றைக்கே போலீசில் ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.