பழைய பேப்பர், ஸ்கிராப் எடுக்கிற யூனிட்ல ரகசியம் காக்கணும்னு கையெழுத்து எதுக்கு வாங்குறாங்க? குப்பைதானே?

நீங்க புதுசா ஒரு ரீசைக்ளிங் யூனிட்ல சேர்ந்திருப்பீங்கன்னு நினைக்கிறேன், முதல் நாளே அந்தப் பேப்பரை நீட்டியிருப்பாங்க. எனக்கும் அப்படித்தான், படிக்காமலே கையெழுத்து போட்டேன். 14 வருஷம் ஆச்சு.

அப்போ நான் பேப்பர் பிரிக்கிற ஷிப்டுக்கு சூப்பர்வைசர். ஒரு லேப்ல இருந்து லோடு வந்துச்சு, எல்லாமே ஷ்ரெட்டர்ல, அதாவது பேப்பரை வெட்டுற மெஷின்ல போட வேண்டியது. அன்னைக்குப் பாத்து ஷ்ரெட்டருக்கு பிளேடு மாத்திட்டு இருந்தாங்க, வண்டிய காக்க வைக்க முடியாதுன்னு மூட்டைய பெல்ட் பக்கத்துலயே இறக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன், வேற யாரும் இல்ல. அதுல ஒரு மூட்டை கிழிஞ்சு ரிப்போர்ட் எல்லாம் கீழ கொட்டிடுச்சு, எங்ககூட வேலை பாத்த ஒரு அக்காவோட பேரு, வயசு, டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் ஒரே தாள்ல. எடுத்தவர் கெட்டவர் இல்லங்க, தெரிஞ்ச பேரா இருக்கேன்னு படிச்சிருக்காரு, பக்கத்துல ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்காரு, ஷிப்டு முடியுறதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. மறுநாள்ல இருந்து அவங்க தண்ணி பாட்டில் பக்கத்துல யாரும் பாட்டில் வைக்கல. ஒரு வாரத்துல வேலைய விட்டுட்டாங்க. போறப்ப என்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க, "என் ரிப்போர்ட் இங்க எப்படி தம்பி வந்துச்சு?" பதில் சொல்ல எனக்கு வாய் வரல.

ஷ்ரெட்டர் இருக்கு, அழிச்சாச்சுன்னு சர்டிஃபிகேட் தர்றோம், அப்புறம் என்னன்னு கேக்குறவங்க இருப்பீங்க. எங்ககிட்டயும் ரெண்டும் இருந்துச்சு. மூட்டை உள்ள வந்ததுல இருந்து மெஷினுக்குள்ள போற வரைக்கும் நடுவுல இருக்கிற நேரத்துலதான் எல்லாம் போச்சு.

வெட்டுறதுலயும் விஷயம் இருக்கு. ஐஎஸ்ஓ/ஐஇசி 21964-ன்னு ஒரு தரம் இருக்கு, அதுல பேப்பருக்கு பி-1ல இருந்து பி-7 வரைக்கும் ஏழு அளவு. பி-4ன்னா ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. நீள நீளமா கிழிச்சா போதும்னு நினைக்காதீங்க, 1979-ல டெஹ்ரான்ல அமெரிக்கத் தூதரகத்தைப் பிடிச்சப்போ உள்ள இருந்தவங்க அப்படி வெட்டிப் போட்ட ஆவணங்களை, பிடிச்சவங்க உக்காந்து ஒட்டி, புத்தகமாவே போட்டுட்டாங்க. பொடியா வெட்டுனா நார் சின்னதாகும், மில்லுல விலை குறையும்னு சொல்வீங்க, உண்மைதான். அதுக்குத்தான் ஆளோட பேரு இருக்கிற பேப்பரை மட்டும் தனியா வாங்கணும், அட்டைப் பெட்டியையும் சேத்துப் பொடியாக்கச் சொல்லல.

ஹார்ட் டிஸ்க் இன்னும் மோசம். குயிக் ஃபார்மேட் அடிச்சா ஃபைல் எங்க இருக்குங்கிற அட்டவணைதான் போகும், உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். காந்தம் வச்சு அழிக்கிற மெஷின், எஸ்எஸ்டி-ன்னு சொல்ற சிப்புல பதிவாகிற டிஸ்க்ல இருக்கிறதை அழிக்காது, ஏன்னா அதுல காந்தப் பதிவே கிடையாது. ஆபீஸ்ல இருந்து வர்ற பழைய காப்பி மெஷின் நிறையதுல உள்ள டிஸ்க் இருக்கும், அதை வெறும் இரும்புன்னு பிரிச்சுப் போடுறவங்கள நானே பாத்திருக்கேன். ஒவ்வொரு சீரியல் நம்பரும் வந்த லிஸ்ட்லயும் அழிச்ச லிஸ்ட்லயும் ஒத்துப் போகணும், 40 வந்து 39 அழிஞ்சா அந்த ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் சர்டிஃபிகேட் போகக் கூடாது.

கேள்விக்கு சம்பந்தம் இல்லாட்டியும் இதைச் சொல்லிடுறேன். பேப்பர் மூட்டைக்குள்ள ஊசியப் போட்டு அனுப்புறாங்க. என் ஷிப்டுல மட்டும் ரெண்டு பேருக்கு கையில குத்தியிருக்கு. ரகசியம் வெளிய போனா முதல்ல எங்க ஆளுங்க பாக்கெட்டைத்தான் சோதிக்கிறாங்க, மூட்டை கட்டுனவங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்குறதில்ல. இதை எத்தனையோ மீட்டிங்ல சொல்லிட்டேன்.

இப்பல்லாம் ஷ்ரெட்டர் ஓடலன்னா அந்த லோடை நான் இறக்கவே விடுறதில்ல. சீல் போட்டபடி வண்டியிலயே நிக்கும், இல்லன்னா திரும்பிப் போகும், டிரைவர் கத்துனாலும் சரி, மேனேஜர் கத்துனாலும் சரி. நீங்க கையெழுத்து போடுங்க, வேண்டாம்னு சொல்லல. போடுறதுக்கு முன்னாடி உங்க மேனேஜர்கிட்ட, மெஷின் நின்னுபோனா அந்த மூட்டையெல்லாம் எந்த ரூம்ல இருக்கும், அதோட சாவி யார்கிட்ட இருக்கும்னு கேளுங்க.