மானியம் பெறும் வீட்டுக் குழந்தைக் காப்பகங்கள்: கல்வித் தரம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: அரசு மானியம் தரும்போது, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆசிரியப் பட்டம் கட்டாயம் என்று விதித்தால் என்ன?

பதில்: பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள், பட்டத்தை வேண்டாம். பிரான்சில் உரிமம் பெற்ற பராமரிப்பாளருக்கு 120 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் 80 மணி நேரத்தை முதல் குழந்தையை ஏற்பதற்கு முன்பே முடித்தாக வேண்டும். பயிற்சியைவிட முக்கியம், அது அன்றாட வேலைக்குள் இறங்குவது. துவைத்த துணியை மடிக்கும் பராமரிப்பாளர், இரண்டு வயதுக் குழந்தையிடம் ஒரு சட்டையை நீட்டி, "இது யாருடையது? பெரியதா, சிறியதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறார் என்றால், அங்கே மொழியும் அளவும் ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன. அந்தக் காத்திருப்பையே தரவிதி அளக்க வேண்டும். பள்ளி வகுப்பறைக்கு எழுதிய படிவத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று நான் ஓயாமல் எச்சரிப்பது இதனால்தான்.

கேள்வி: ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கலாம்?

பதில்: இங்கிலாந்தில் பொதுவான வரம்பு, எட்டு வயதுக்குட்பட்டோர் ஆறு பேர், அவர்களுள் பள்ளி வயதை எட்டாதவர் மூவர், ஒரு வயது நிரம்பாதவர் ஒருவர். நல்ல அளவு.

கேள்வி: மூன்று வயதில் எழுத்துப் பயிற்சி?

பதில்: தேவையில்லை. கதை சொல்லுங்கள், பாடுங்கள்.

கேள்வி: பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இதே விதிகளா?

பதில்: அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுச் சட்டம், மானியம் பெறும் நெருங்கிய உறவினருக்குப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்களிக்க மாநிலங்களை அனுமதிக்கிறது. பாதுகாப்பில் விலக்கு கூடாது என்பது என் கருத்து. கல்வியைப் பொறுத்தவரை, உறவினரிடம் விதியைக் காட்டுவதைவிட, வீட்டுக்கே சென்று வழிகாட்டும் ஒருவரை அனுப்புவதே பயன் தரும்.

மறுப்பு: பொதுப்பணம் வாங்குபவர் யாராயினும் ஒரே தரம்தானே நியாயம்? பாட்டியிடம் வளரும் குழந்தைக்கு மட்டும் குறைவான கல்வியா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது, அந்தக் குழந்தைக்குக் குறைந்த கல்வி போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதி கடுமையானால் அந்தப் பாட்டி படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மானியமே வேண்டாமென்று ஒதுங்கிவிடுவார். குழந்தை அதே வீட்டில்தான் இருக்கும், வழிகாட்டி மட்டும் அங்கே வரமாட்டார். அடைய வேண்டிய இலக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அங்கே போய்ச் சேரும் வழி வேறுபடட்டும்.

மறுப்பு: வழிகாட்டிகளுக்குச் சம்பளம் யார் தருவது?

பதில்: அரசுதான். பயிற்சிக்குப் போகும் நாளில் பராமரிப்பாளர் வருமானத்தை இழக்கிறார். மாற்று ஆளும் கிடைப்பதில்லை. மானியத் தொகையை உயர்த்தாமல் தரத்தை மட்டும் உயர்த்தும் ஆணை, நல்லவர்களையே முதலில் தொழிலைவிட்டு விரட்டும். பயிற்சி நேரத்துக்கும் ஊதியம் கணக்கிடப்பட வேண்டும்.

கேள்வி: பட்டம் இல்லாதவரை எப்படி நம்புவது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சான்றிதழ் மட்டும் போதுமா?

பதில்: இதற்கும் முதல் பதிலே பதில்.

கேள்வி: மானியத்துக்கு வருமான வரி உண்டா?

பதில்: கணக்காளரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆய்வாளர் வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பதிவேட்டைக் கடைசியில் பார்க்கட்டும். முதலில் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்து, கைக்குழந்தையின் அணையாடையை மாற்றும்போது பராமரிப்பாளர் அதனுடன் பேசுகிறாரா, அந்நேரம் நான்கு வயதுக் குழந்தை என்ன செய்கிறது என்று கவனிக்கட்டும். குறை கண்டால், அதைச் சரிசெய்ய உதவும் வழிகாட்டியின் அடுத்த வருகைக்கான தேதியை அன்றே குறித்துக் கொடுக்க வேண்டும்.